மூழ்கிய சாரம்

“என் வீட்டுக்காரர் தப்பே பண்ணாத மனுஷர்னு நான் சொல்ல வரல மேடம். அடுப்புல பாலை வச்சிட்டு போன் பேசப் போயிடுவார். சாவியை உள்ளே வச்சுப் பூட்டிட்டு வாசல்ல நிப்பார். ஆனா இந்தத் தப்பை அவர் பண்ண மாட்டார்.”

கணக்கு டீச்சர் அழவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்பது சிவந்த மூக்கைப் பார்த்தாலே தெரிந்தது. மேடம் எப்போதும்போல ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். துப்பறியும் மேடத்துக்கு நான் எடுபிடி. கேட்பது அவர் வேலை, பேசுவது என் வியாதி. ‘லொடலொடா’ என்று எனக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான்.

“அவரே ஒத்துக்கிட்டாராமே?” என்றேன்.

“அதான் சார் எனக்கு மண்டை வெடிக்குது. போலீஸ் கேக்கறதுக்கு முன்னாடியே ‘ஆமா, நான்தான்’னு சொல்லியிருக்கார். ஜாமீனும் வேணாம்னுட்டார். இன்னிக்கு மத்தியானம் ஜட்ஜ் முன்னாடியும் அதையே சொல்லிட்டா ஜெயில்தான்.”

நடந்தது இதுதான். டீச்சரின் கணவர் ஆராய்ச்சிக்காரர். எலும்பு போன இடத்தில் வைப்பதற்கு, உடம்புக்குள் மெல்லக் கரைகிற பிளாஸ்டிக்கில், உள்ளெல்லாம் துளையாக ஒரு துண்டு செய்கிறவர். பத்து வயதுகூட ஆகாத ஒரு பையனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பில் கட்டி. கட்டியை வெட்டி எடுத்த இடத்தில் அவர் செய்த துண்டை வைத்தார்கள். சீழ் பிடித்து, விஷம் ரத்தத்தில் ஏறி, பையன் இறந்துவிட்டான்.

“அண்ணி இவருக்கு எதிரா சாட்சி சொல்றாங்க” என்றார் டீச்சர்.

“அண்ணியா?”

“இவரோட கூடப் பொறந்த அக்கா. அதே ஆஸ்பத்திரியில நர்ஸ். செத்துப்போனது அவங்க பையன். ஒரே பையன்.”

எனக்கு நாக்கு நுனியில் ஒரு ஜோக் தயாராக இருந்தது. முழுங்கிவிட்டேன்.

மேடம் ஜன்னலிலிருந்து திரும்பினார். “ஆபரேஷன் அன்னிக்கு உங்க வீட்டுக்காரர் எங்கே இருந்தார்?”

“வெளியூர்ல. ஏதோ கருத்தரங்கு. திரும்பி வந்து நேரா லேபுக்குப் போனவர், அங்கேர்ந்து டாக்டர்கிட்ட ஓடியிருக்கார். ‘அதை எடுத்துடுங்க, கெட்ட துண்டு, என் தப்பு’ன்னு கத்தினாராம். எடுத்தாங்க. ஆனா பையனுக்கு அதுக்குள்ள முத்திப்போச்சு.”

“போறதுக்கு முன்னாடி துண்டைக் கொடுத்துட்டுப் போனாராமா?”

“அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கார்.”

மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “வாடா லொடலொடா. லேபுல அவர் எதைப் பார்த்துட்டு ஓடினார்னு பார்ப்போம்.”

*

லேப் ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் இருந்தது. மருந்துக் கடைக்கும் பெயிண்ட் கடைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது போன்ற வாசனை. ஆராய்ச்சிக்காரரோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி எங்களை உள்ளே விட்டாள். முகத்தில் பாதியைக் கண்ணாடியே பிடித்துக்கொண்டிருந்தது. அதனால் கண்ணாடி என்றே சொல்லிவிடுகிறேன்.

“எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதும்மா” என்றார் மேடம். “கட்டடத்துக்கு வெள்ளையடிக்கிறவனுக்குச் சொல்ற மாதிரி சொல்லு.”

கண்ணாடி சிரித்தாள். “அப்போ ரொம்ப ஈஸி மேடம். கட்டடத்துக்கு வெளியே சாரம் கட்டுவாங்கல்ல? அதுல ஏறி நின்னு வேலை பார்ப்பாங்க. வேலை முடிஞ்சா சாரத்தைப் பிரிச்சுடுவாங்க. இதுவும் சாரம்தான். எலும்பு உயிரணுக்கள் இதோட துளைக்குள்ள போய் உட்கார்ந்து எலும்பைக் கட்டும். சாரம் தானா கரைஞ்சு போயிடும்.”

“துளை எப்படிப் போடறீங்க? சின்ன ஊசியா வச்சுக்கிட்டா?” என்றேன்.

“உப்பு சார்.”

அவள் ஒரு சல்லடையைக் காட்டினாள். பிளாஸ்டிக்கை ஒரு திரவத்தில் கரைத்துப் பசை மாதிரி ஆக்கி, ஒரே அளவாகச் சலித்த உப்பை அதில் கொட்டிப் பிசைந்து, அச்சில் வார்ப்பார்களாம். திரவம் ஆவியாகிப் போனதும் கட்டியைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். உப்பு கரைந்து வெளியே வந்துவிடும். உப்பு இருந்த இடம்தான் துளை.

“காலையும் சாயங்காலமும் தண்ணி மாத்துவோம். பழைய தண்ணியில இந்தப் பழுப்பு பாட்டில்லேர்ந்து ஒரு சொட்டு. வெள்ளையாக் கலங்கினா இன்னும் உப்பு வருதுன்னு அர்த்தம். தெளிவா இருந்தா முடிஞ்சுது. ஆனா சார் அப்பவும் விடமாட்டார். வெளிப்பக்கத்து உப்பு சீக்கிரம் போயிடும், நடு வயித்துல இருக்கறது லேசுல போகாதுன்னு சொல்வார். ஒரு கட்டியை நடுவுல வெட்டி, அந்த நடுத்துண்டை மறுபடியும் ஊறப்போட்டுப் பார்ப்பார். அவருக்கு இங்கே ‘ஊறல்’னே பேரு.”

பேரைக் கேட்டதும் எனக்கு வேறொரு ஊறல் ஞாபகத்துக்கு வந்து வாயைத் திறந்தேன். மேடம் முறைத்தார். மூடிக்கொண்டேன்.

“கடைசியா ஒண்ணு பண்ணுவார்” என்று கண்ணாடி ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் பிடித்தாள். அலமாரியிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைக் கட்டியை எடுத்து அதில் போட்டாள். கட்டி தக்கையாக மிதந்தது. “நல்லாக் காய்ஞ்ச கட்டி மிதக்கணும். இது சட்டுனு நனையாது, துளை பூரா காத்துதான். நடுவுல உப்பு தங்கியிருந்தா மூழ்கிடும். மூழ்கினதை அவர் குப்பையில போட்டுடுவார்.”

“முடிஞ்சதை எதுல போட்டுக் கொடுப்பீங்க?”

“பிளாஸ்டிக் உறையில. வாயைச் சூடு வச்சு ஒட்டிடுவோம். கீழே கிருமிநாசினி வாயு அறைக்கு அப்படியேதான் போகும்.”

“அவர் திரும்பி வந்த அன்னிக்கு என்ன பார்த்தார்?”

கண்ணாடியின் முகம் மாறியது. “கட்டியை ஊறப்போடற அந்தத் தொட்டியைத் திறந்தார். அப்படியே நின்னார். அப்புறம் ஓடிட்டார். எனக்கு ஒண்ணும் புரியல மேடம். அதுல வெறும் தண்ணிதான் இருந்துச்சு.”

மேடம் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார். “கட்டி இருக்கும்னு நினைச்சுத் திறந்திருக்கார். தானே எடுத்துக் கொடுத்திருந்தா, காலித் தொட்டியைப் பார்த்து எதுக்கு ஓடணும்?”

*

எலும்பு டாக்டரின் அறையில் சுவர் முழுக்க அவருடைய புகைப்படங்கள். ஒவ்வொன்றிலும் யாரோ அவருக்குப் பூச்செண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டேன். இந்த ஆள்தான். பேர் வாங்குகிற அவசரத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் துண்டைத் தூக்கிவிட்டார்.

“அந்தத் துண்டை வைக்க உங்களுக்குத்தான் ரொம்ப அவசரமாமே டாக்டர்?” என்றேன்.

“அவசரமா?” அவர் கோபப்படவில்லை. நாற்காலியில் இன்னும் கொஞ்சம் புதைந்தார். “பையன் கால்ல வெளியிலேர்ந்து கம்பி குத்தி எலும்பை நிறுத்தி வச்சிருந்தோம். தினமும் கட்டுப் பிரிச்சு மருந்து வைக்கணும். அவன் கத்தறது லிப்ட் வரைக்கும் கேக்கும். ஆமா, சீக்கிரம் வச்சா நல்லதுன்னு சொன்னேன். இந்த வாரம் விட்டா ஆபரேஷன் தியேட்டர் கிடைக்க நாளாகும்னும் சொன்னேன். துண்டு எப்ப வரணும்கறது என் கையில இல்ல. அன்னிக்கு டிரேயில இருந்துச்சு, வச்சேன்.”

“எத்தனை துண்டு வந்துச்சு?” மேடம் கேட்டார்.

“ரெண்டு. ஒண்ணு கைதவறினா இன்னொண்ணு வேணுமே.”

“அந்த இன்னொண்ணு?”

டாக்டர் அலமாரியைத் திறந்து ஒரு சின்னப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். “அவரே ஒத்துக்கிட்டதால யாரும் இதைக் கேக்கவே இல்ல.”

பச்சைத் துணிப் பொட்டலம்.

மேடம் அதைத் தொடாமல், குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “லேபுல பிளாஸ்டிக் உறைன்னு சொன்னாங்க. இது துணி. டாக்டர், இந்த முனை மட்டும் ஏன் வெளியே மடங்கி நீட்டிக்கிட்டு இருக்கு?”

“அதுவா? அதைக் காதுன்னு சொல்வோம். பிரிக்கிறவங்க அந்தக் காதைப் பிடிச்சு இழுத்தா உள்பக்கம் கை படாம பிரியும். தியேட்டர்ல வேலை செய்யற யாரைக் கட்டச் சொன்னாலும் அவங்க கை தானா காது வச்சுடும்.”

“லேப் ஆளுங்க?”

டாக்டர் தலையாட்டி மறுத்தார். பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிரிங்க” என்றார் மேடம்.

டாக்டர் காதைப் பிடித்து இழுத்தார். உள்ளே வெள்ளைக் கட்டி, இத்தனை நாள் அலமாரியில் கிடந்து காய்ந்து போயிருந்தது. மேடம் மேஜைமேல் இருந்த டம்ளர் தண்ணீரில் அதைப் போட்டார். கட்டி ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. நேரே அடியில் போய் உட்கார்ந்தது.

“ஐயோ!” என்றார் டாக்டர். அந்த ‘ஐயோ’வில் நடிப்பு இல்லை. நான் எழுதி வைத்திருந்த தீர்ப்பைக் கிழித்துப் போட்டேன்.

“ஊறி முடியாத கட்டி” என்றார் மேடம். “ஈரத்தோட துணியில சுத்தியிருக்காங்க. கிருமி கொல்ற வாயு இதோட வயித்துக்குள்ள போயிருக்காது. நடுவுல தங்கினது உப்பு மட்டும் இல்ல. லொடலொடா, இந்தத் துணியை மடிப்புக் கலையாம எடு. கீழே துணி மடிக்கிற எடத்துக்குப் போகணும்.”

*

கருவிகளைக் கிருமி நீக்கிப் பொட்டலம் கட்டும் அறை அடித்தளத்தில். நீராவி இரைச்சலும் சூடும். நீள மேஜையின் முன்னால் மூன்று பெண்கள் நின்று மடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தவர் நாற்பது வயதைத் தாண்டியவர். மற்ற இருவரும் அவரைப் பெரிய சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். அவர் கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம். அவர் யாரென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“இன்னிக்குமா வேலைக்கு வந்தீங்க?” என்றார் மேடம்.

“வீட்ல உட்கார்ந்தா சுவத்துல முட்டிக்கத் தோணுது.” கை நிற்கவில்லை. “கோர்ட்டுக்கு இங்கேர்ந்தே போயிடுவேன். நீங்க யாரு, அவன் பொண்டாட்டி அனுப்பின ஆளா?”

“ஆமா.”

“அப்போ அவன் பேரை என்கிட்ட எடுக்காதீங்க. மாமா மாமான்னு அவன் தோள்லயே கெடந்த புள்ளைங்க அது. முழுங்கிட்டான் பாவி.”

மற்ற இரண்டு பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மேடம் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை மேஜைமேல் வைத்தார். “ஒண்ணே ஒண்ணு. இதைத் துணியில கட்டிக் காட்டறீங்களா? மூணு பேரும் தனித்தனியா.”

மூன்று கூடுகள் இல்லாததால் என் பர்ஸும் கைக்குட்டையும்கூடப் பொட்டலமாயின. என் பர்ஸுக்குக் கிருமி நீக்கம் தேவைதான், உள்ளே வேறு எதுவும் இல்லை. அந்தப் பெண்கள் இருவரும் கட்டியதில் காது வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. பெரிய சிஸ்டர் இடது கையால் இழுத்து, இடது கையால் செருகினார். அவருடைய பொட்டலத்தில் காது இடப்பக்கம்.

என் பையில் இருந்த பச்சைத் துணியின் மடிப்பு எனக்கு மனப்பாடம். இடப்பக்கம்.

இந்தம்மா இல்லாமல் வேறு யாராக இருந்தாலும் பரவாயில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது.

மேடத்தின் குரல் மாறவே இல்லை. “தியேட்டர்ல பிரிச்ச துணியெல்லாம் அப்புறம் எங்கே போகும் சிஸ்டர்?”

“எங்கே போகும்? இங்கேதான் வரும். துவைச்சு மறுபடி மடிக்கணும். என் கை படாம ஒரு துணி உள்ளேயும் போகாது, வெளி...”

அவர் நிறுத்தினார். மேடத்தைப் பார்த்தார். பிறகு என் பையைப் பார்த்தார். நீராவிக் குழாய் இரைந்துகொண்டிருந்தது.

“கோர்ட்டுக்கு நேரமாச்சு” என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டார்.

*

கோர்ட்டில் சாட்சிக் கூண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. வாசலில் ஒரு போலீஸ்காரர். உள்ளே பெஞ்சில் ஆராய்ச்சிக்காரரும் டீச்சரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் ஆராய்ச்சிக்காரர் முன்னால் கைக்குட்டையையும் தீப்பெட்டியையும் நீட்டினார்.

“பொட்டலம் நான்தான் கட்டினேன்னு சொல்லியிருக்கீங்க. கட்டுங்க பார்ப்போம்.”

அவர் நான்கு முனைகளையும் சேர்த்து உச்சியில் ஒரு முடிச்சுப் போட்டார். சாப்பாட்டு மூட்டை. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

மேடம் பச்சைத் துணியை எடுத்து மடிப்போடு பெஞ்சின்மேல் வைத்தார். அவர் அதைப் பார்த்ததும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“சொல்லாதீங்க மேடம். உங்க கால்ல விழறேன். அவளுக்குத் தெரியாது.”

“என்ன தெரியாது? யாருக்கு?” டீச்சர் எழுந்துவிட்டார்.

அவர் விரல்களுக்கு நடுவிலிருந்தே பேசினார். “தினமும் அக்கா கேப்பா. ‘ஆச்சாடா, ஆச்சாடா’ன்னு. ‘இன்னும் ஊறணும்க்கா’ன்னு சொல்வேன். நான் சும்மா இழுத்தடிக்கிறேன்னு நினைச்சிட்டா. அவன் கத்தறதைக் கேக்க முடியாம, நான் இல்லாதப்போ எடுத்துட்டா. காலித் தொட்டியைப் பார்த்ததும் புரிஞ்சுது. அவகிட்ட ஒரு பொய் சொன்னேன். ‘ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே நான் ஒரு துண்டு கொடுத்திருந்தேன், டாக்டர் வச்சது அதைத்தான். நீ கட்டினது ரெண்டும் அலமாரியில அப்படியே கெடக்கு. என் கலவையிலதான் தப்பு’ன்னு சொன்னேன். நம்பிட்டா. என்னைத் திட்டட்டும், சபிக்கட்டும். என்னைத் திட்டிக்கிட்டாவது உயிரோட இருப்பா. தானே புள்ளைக்கு எமனாயிட்டோம்னு தெரிஞ்சா அன்னிக்கே தூக்குல தொங்கிடுவா.”

“அப்போ நான்?” என்றார் டீச்சர். “நான் யாரைத் திட்டிக்கிட்டு இருக்கறது?”



மேடம் பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். யாருக்கும் பக்கத்தில் உட்காராதவர் அவர். “தம்பி, டாக்டர் பிரிச்ச துணி எங்கே போயிருக்கும்?”

“குப்பைக்கு...”

“இல்லப்பா. துவைக்கப் போயிருக்கும். உங்க அக்கா மேஜைக்கு. காது இடப்பக்கம் மடங்கின, ஈரக் கட்டியோட உப்பு படிஞ்ச துணி, ஆபரேஷனுக்கு மறுநாளே அவங்க கைக்கு வந்தாச்சு. தான் கட்டினதைத்தான் பிரிச்சிருக்காங்கன்னு அவங்களுக்கு அப்பவே தெரியும். நீங்க பொய் சொன்ன நிமிஷமே அது பொய்னும் தெரியும்.”

ஆராய்ச்சிக்காரர் முகத்திலிருந்து கையை எடுத்தார். அப்படி ஒரு முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அடி வாங்கியவனுக்காவது வலிக்கிறது என்று தெரியும். இவருக்கு எங்கே வலிக்கிறதென்றே தெரியவில்லை.

“தெரிஞ்சுமா...” என்றார்.

“அந்தத் துணியைக் கொடுங்க மேடம். நானே ஜட்ஜ்கிட்ட கொடுக்கறேன்” என்று டீச்சர் கையை நீட்டினார்.

“கொடுக்கறேன்மா. அது உன் உரிமை. முதல்ல அவங்க பேசட்டும். வாயைத் திறக்கலைன்னா நானே கொடுக்கறேன்.”

உள்ளே பெயரைக் கூப்பிட்டார்கள்.

பெரிய சிஸ்டர் யூனிபார்மிலேயே கூண்டில் ஏறினார். எதிர்க் கூண்டில் தம்பி. அரசு வக்கீல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மிக மெதுவாக, துக்க வீட்டில் பேசுகிற குரலில் கேட்டார்.

“உங்க மகனுக்கு வச்ச துண்டைக் கொடுத்தது யாரும்மா?”

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி யாருக்கும் தெரியாதபடி தலையை ஆட்டினார். வேண்டாம். இவ்வளவு தெரிந்த பிறகும் வேண்டாம் என்றுதான் ஆட்டினார். எனக்குக் கண்ணைக் கரித்தது. டீச்சர் என் சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நான் வேறு யாரோ என்பதே அவருக்கு நினைவில்லை.

“யாரும் கொடுக்கல” என்றார் பெரிய சிஸ்டர். “நான் எடுத்தேன்.”

வக்கீல் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். அதில் அப்படி இல்லை.

“ஊறணும் ஊறணும்னு இவன் சொன்னான். நான் கேக்கல. புள்ளை கத்தறது காதுல விழுந்துக்கிட்டே இருந்துச்சு. எடுத்தேன், துடைச்சேன், கட்டினேன். திரும்பி வந்த துணியையும் என் கையாலதான் துவைச்சேன். இவன் என்னைக் காப்பாத்தறதுக்குப் பொய் சொன்னான். பொய்னு தெரிஞ்சே இவனைத் திட்டினேன். திட்டறதை நிறுத்தினா அடுத்தது என் பக்கம் திரும்பிடும்னு பயமா இருந்துச்சுங்க.”

“இல்லக்கா, நீ...”

“நீ பேசாம இருடா.”

பெரிய சிஸ்டர் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தம்பியின் பக்கம் முழுசாகத் திரும்பினார். வக்கீல், ஜட்ஜ், நாங்கள் யாரும் அங்கே இல்லாத மாதிரி, வீட்டில் பேசுகிற குரலில் கேட்டார்.

“இதுக்காவது பொய் சொல்லாம பதில் சொல்லு. இன்னும் எவ்வளவு நாள் ஊறியிருக்கணும்?”

தம்பி தன் மனைவியைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். யாராவது குறுக்கே பேசி அந்தக் கேள்வியை நிறுத்திவிட மாட்டார்களா என்று பார்த்தார். யாரும் பேசவில்லை. பேசுவதே வியாதியான நானும் பேசவில்லை.

“ரெண்டு நாள்க்கா” என்றார்.